எண்பத்தொன்று

ஜெசிந்தாவின் எண் எண்பத்தொன்று. அறுபதைத் தாண்டிவிட்டால் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை. ஆகவே பதினோரு வருடங்களாக அவள் சிவப்பு.

முதல் கொரோனா ஓய்ந்து வெகுகாலம் கழித்து வந்த ஏற்பாடு அது. ஒரே கிருமிதான். ஒருவனுக்கு மூக்கை ஒழுகவிட்டுப் போய்விடுகிறது, பக்கத்து வீட்டுக்காரனைக் கல்லறைக்கு அனுப்பிவிடுகிறது. ஏன் என்று தேடிப் போனவர்கள் வயதைக் கண்டார்கள், சர்க்கரையைக் கண்டார்கள், பரம்பரையாக வரும் சில மரபணுக்களைக் கண்டார்கள், ரத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் வேறு சிலதையும் கண்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு சிறு குப்பி ரத்தத்தை வைத்து, இந்த உடம்பை இந்த நோய் எவ்வளவு தூரம் படுத்தும் என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லிவிடலாம் என்று ஆனபோது அரசாங்கம் அதைச் சட்டமாக்கியது. சிவப்புக்காரர்கள் ஆஸ்பத்திரியிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கக் கூடாது. பிள்ளைகளானால் விடுதியில் தங்கக் கூடாது. அடுத்த அலை வரும்போது முதல் ஊசி அவர்களுக்கு. எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான்.

ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்தால் ஊரில் பேச்சாகிவிடும் என்று ஒரு காபந்தும் செய்திருந்தார்கள். ஆய்வகம் எண்களை ஒரு சீட்டில் எழுதி, உறையிலிட்டுக் குடும்பத் தலைவரிடம் கொடுக்கும். அவர் செயலியில் பதிந்துவிட்டுச் சீட்டை எரித்துவிட வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மஸ்கட்டிலிருந்து வேலை உத்தரவு வந்திருந்தது, விசாவும் வந்திருந்தது. ஐந்து வயது ரெனிட்டாவைப் பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு வருடம் போய்வருவதென்று முடிவாகி, பெட்டிகூட வாங்கியாயிற்று. அந்த வாரத்தில்தான் கிளாட்வின் உறையோடு வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எந்த உயரத்துக்கும் அஞ்சாதவன், அன்று வாசலிலேயே நின்றான்.

"எனக்குப் பதினாறு ஜெசி."

"எனக்கு?"

அவன் செயலியைத் திறந்து காட்டினான். சிவப்பு வட்டத்துக்குள் எண்பத்தொன்று.

அன்று அவன் தோளில் சாய்ந்து அவள் அழுதாள். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். "நான் இருக்கம்லா, ஒன்ன ஒண்ணும் அண்ட விடமாட்டேன்" என்றான். சொன்னபடியே செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தைக்கு அவன் போனான், பள்ளிக்கூடத்துக்கு அவன் போனான், கல்யாணம் காட்சிக்கும் அவனே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தான். "பொண்டாட்டிய உள்ளங்கையில வச்சுத் தாங்குதான்" என்று தெருவில் பெயரெடுத்தான். ஜெசிந்தா வீட்டிலிருந்தே ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். யாரோ தொட்டுப் பார்த்த நாடி, யாரோ மாற்றிய குழாய். அவள் கைகள் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தன.

ரெனிட்டாவும் பதின்மூன்று வயதில் எண் எடுத்தபோது சிவப்பாகிப் போனாள். எழுபத்து நாலு. "அம்மாவ மாதிரியே" என்றான் கிளாட்வின். பாய்மரப் படகுப் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்து, சென்னையில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகியிருந்த பெண். பாயைச் சுருட்டி அறைக்குள் வைத்துவிட்டு ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. தன் ரத்தம்தான் மகளைக் கெடுத்தது என்று ஜெசிந்தா மாதாகோவிலில் முழங்காலில் நின்றாள்.

இந்த வருடம் ஆடி மாதம் அலை வந்தது. புது உருவெடுத்த கொரோனா. பழைய தடுப்பூசிகளை அது சட்டை செய்யவில்லை. சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து சிவப்புக்காரர்களுக்கு ஆளுக்கொரு ஊசிக் குப்பி கொடுத்துப் போனார்கள். காய்ச்சல் கண்ட ஐந்து நாளுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக்காரர்களுக்குக் கிடையாது. ரெனிட்டா தன் குப்பியோடு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெசிந்தாவின் குப்பி குளிர்பதனப் பெட்டியில் இருந்தது.

நோய் கிளாட்வினோடு வீட்டுக்கு வந்தது. முதல் இரண்டு நாள் உடம்புவலி. மூன்றாம் நாள் ஜெசிந்தாவுக்கும் தொண்டை கரகரத்தது. சோதித்தபோது இரண்டு கோடு. நான்காம் நாள் காலையில் கிளாட்வினால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். தொண்ணூற்று மூன்று. அரை மணி கழித்துத் தொண்ணூற்று இரண்டு.

உதவி எண்ணுக்கு அழைத்தாள்.

"அவங்க நம்பர் என்னங்கம்மா?"

"பதினாறு."

"பச்சையா? பச்சைக்கு இதெல்லாம் தானா சரியாயிரும்மா. தொண்ணூறுக்குக் கீழ போனா கூப்பிடுங்க, வண்டி அனுப்புதோம்."

"நான் நர்ஸுங்க. இது தானா சரியாவுற மூச்சு இல்ல. மறுபடி டெஸ்ட் எடுங்க."

"முடிவு வர மூணு நாளாவும்மா. நம்பர் மாறாதும்மா."

மூன்று நாள் கழித்து ஊசி போட்டுப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். நண்பகல் வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. அவள் குப்பியை எடுத்துக் கையில் வைத்துச் சூடாக்கினாள். தனக்குக் காய்ச்சல் இன்னும் ஏறவில்லை. எண்பத்தொன்று என்றால் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஏறும். அவள் கைப்பட எத்தனை பேரின் குறிப்பைத் தட்டச்சு செய்திருக்கிறாள்!

"இது... ஒன் ஊசில்லா?" என்றான் கிளாட்வின்.

"கையக் காட்டுங்க."

"ஒனக்கு?"

"எனக்கு இன்னும் ஒண்ணும் பண்ணல. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. கையக் காட்டுங்க."

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறவன்போல உதடு அசைந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் ஊசி. ஒரே குத்தில் இறக்கினாள்.

மறுநாள் ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்கு இறங்கவும் வண்டி வந்து அவனைக் கொண்டுபோனது. ஊசி போட்டிராவிட்டால் அந்த இரவே முடிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். ஜெசிந்தா தனியாக வீட்டிலிருந்து தன் முறைக்குக் காத்திருந்தாள். ரெனிட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சங்கிலியையும் வளையலையும் எங்கே வைத்திருக்கிறது, சித்தியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கடலுக்குப் போகக் கூடாது என்று அம்மா சொன்னதை மன்னித்துவிடு. மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். நிலைக்கதவின் தாழ்ப்பாளை எடுத்தே வைத்திருந்தாள், வருகிறவர்கள் உடைக்க வேண்டியிராதபடி.

ஆறாம் நாள் கருவாடு வறுத்தபோது மணம் தெரியவில்லை. ஏழாம் நாள் கொஞ்சம் அசதி. எட்டாம் நாள் பசித்தது. பத்தாம் நாள் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறி, கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எண்பத்தொன்றா இது என்று கடைசிப் படியில் நின்று யோசித்தாள்.

கிளாட்வின் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று சண்முகவடிவைக் கூப்பிட்டாள். ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே பயிற்சி எடுத்த பெண். இப்போது எண் கணிக்கும் ஆய்வகத்துக்கு அவள்தான் பொறுப்பு. விஷயத்தைக் கேட்டதும் அவளே வந்து இருவருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் நேரில் வந்தாள். வாசலில் நின்றே பேசினாள்.

"எக்கா, உங்களுக்கு இருபத்திரெண்டு. அண்ணனுக்கு எழுபத்தேழு."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.

"கிருமி உள்ள வந்ததும் உடம்புல ஒரு புரதம் சங்கு ஊதும்க்கா. மில்லுல ஊதுற மாதிரி. அது கேட்டாத்தான் மத்ததெல்லாம் எந்திரிச்சுச் சண்டைக்கு வரும். சிலரு உடம்பு அந்தச் சங்கையே எதிரின்னு நெனச்சு அடச்சுப்போடும். அண்ணன் ரத்தத்துல அது நெறையக் கெடக்கு. அதாம் மூச்சுல போய் நின்னுட்டு."

"ஊசி போட்டதுக்குக் கேட்டுதே?"

"ஊசில இருக்கது வேற சங்கு. அத அடைக்க இதுக்குத் தெரியாது. நீங்க அன்னைக்குப் போட்டதுனாலதான் ஆளு இருக்காவ." சண்முகவடிவு குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருசம் முன்னால ரெண்டு பேரு குப்பியும் மாறியிருக்குமோன்னு தோணுதுக்கா. அண்ணனுக்குத் தெரிஞ்சு மாறுச்சா, தெரியாம மாறுச்சான்னுதான்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. சிவப்பு என்றால் துறைமுகத்தில் அன்றே வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார்கள். கிரேனைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன். தன் எண்ணை அவள் தலையில் கட்டிவிட்டு அவளுடையதை எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அன்று பகல் முழுவதும் ஜெசிந்தா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். மஸ்கட்டை நினைத்தாள், தட்டச்சு செய்த பக்கங்களை நினைத்தாள். சாயங்காலம் ஆக ஆக, தன்னையறியாமல் அவனுக்காக வாதாடத் தொடங்கினாள். பிழைப்புப் போய்விடுமே என்று பயந்திருக்கிறான். சாவு வருமே என்றும் பயந்திருப்பான். பயந்தவன் செய்த காரியம். எழுந்துபோய் அவனுக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஆறவைத்துக் கொடுத்தாள். அவன் குடித்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு தேறட்டும், பிறகு ஒருநாள் அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சண்முகவடிவு போன் செய்தாள்.

"எக்கா, பழைய ரத்தமெல்லாம் இங்க உறையவச்சு இருக்கும்லா. உங்க ரெண்டு பேருக்கதயும் எடுத்து ஓட்டிப் பாத்தேன். யாருது யாருதுன்னு மரபணுவையும் ஒத்துப் பாத்துட்டேன். குப்பி மாறலக்கா. அன்னைக்கு உங்களுக்குப் பதினெட்டு. அண்ணனுக்குப் பதினாறேதான்."

"அவருக்கு இப்பம் எழுபத்தேழுன்னியே?"

"அது பொறவு வந்ததுக்கா. நம்பர் மாறாதுன்னு நாங்கதான் நெனச்சுட்டு இருந்தோம். வயசு ஏற ஏற அந்தச் சங்க அடைக்கிற சமாச்சாரம் சிலருக்குப் புதுசா வருது, ஆம்பளைங்களுக்குக் கூடுதலா. கூட சர்க்கரை வேற. அன்னைக்கு அண்ணன் சுத்தமான பச்சைதான்."

"அப்பம் எனக்கு எண்பத்தொண்ணு எங்கருந்து வந்துச்சு?"

"சீட்டோட நகல் எங்கக்கிட்ட இருக்கு, அதுல பதினெட்டுன்னுதான் எழுதிருக்கோம். பதிவேட்டுல எண்பத்தொண்ணுன்னு ஏறியிருக்கு. ஒண்ணும் எட்டும் எடம் மாறிட்டு. கைத்தவறா இருக்கலாம்க்கா. ஆனா வருசா வருசம் ஜனவரில குடும்பத் தலைவருக்கு மெசேஜ் போவும், உங்க வீட்டு நம்பரெல்லாம் சரிதானான்னு. பதினோரு தடவையும் சரின்னு அமுக்கியிருக்காவ."

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கொடுக்கவில்லை. காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு ஒன்றுமே இருக்கவில்லை. இரண்டு நாளாக அவள் கட்டியெழுப்பிய வாதம் மொத்தமும் சரிந்தது.

உள்ளே போய்க் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் நம்பரு பதினெட்டாம்."

கிளாட்வின் கண்ணை மூடிக்கொண்டான். ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?"

யார் சொன்னது என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"என் ரத்தம் சொல்லுச்சு. நீங்க சொல்லுங்க."

"மொதல்ல கைதவறித்தான் போட்டேன் ஜெசி. மாதாவாண. மாத்திரலாம்னு மறுபடி தொறந்தேன். நீ அந்தப் பெட்டியத் தொடச்சுட்டு இருந்த. மஸ்கட்டு மஸ்கட்டுன்னு பாடிட்டு இருந்த. அங்க போனவளுவ யாரு திரும்பி வந்து இந்தத் தெருவுல இருந்திருக்கா? ஒரு வாரம் கழிச்சு மாத்துவோம், விசா தேதி போவட்டும்னு விட்டுட்டேன். பொறவு நீ எம்மேல சாஞ்சு அழுத. அதுக்கப்பறம் எப்பிடிச் சொல்ல?"

"பதினோரு வருசம்."

"நான் ஒன்ன நல்லாத்தான பாத்துக்கிட்டேன்? ஒரு கொற வச்சிருக்கனா?"

"ஊசி போடும்போது என் மூஞ்சியப் பாத்தியளே. நான் சாவப்போறேன்னு நெனச்சுட்டுத்தான் அத உங்களுக்குப் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியும். பத்து நாளு தாழ்ப்பாள எடுத்து வச்சுட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா..." அவனுக்கு மூச்சு முட்டியது. குழாயைச் சரிசெய்துகொண்டான். "சொன்னா நீ ஊசியப் போடாம போயிருவியோன்னு..."

ஜெசிந்தா அவனையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டுப் படுத்த மனிதன். அவளை அவன் இப்படித்தான் அறிந்திருக்கிறான்.

"போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

முன்னறையில் செயலியைத் திறந்தாள். எண்ணைத் திருத்த யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. திருத்திவிட்டால் நாளைக்கே வேலைக்குப் போகலாம். ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு என்று தட்டினாள். 'தவறு நேர்ந்த விதம்' என்று கேட்டு மூன்று பதில்கள் வந்தன. கைத்தவறு. ஆய்வகத் தவறு. தெரிந்தே செய்தது. மூன்றாவதன் கீழே சிறிய எழுத்தில், காவல்துறை விசாரணைக்கு உட்பட்டது என்றிருந்தது.

ரெனிட்டாவை நினைத்தாள். அப்பனைப் போலீஸ் கூட்டிப்போவதை எந்தப் பிள்ளை தாங்கும்? மூக்கில் குழாயோடு கிடக்கிறவனை எங்கே நிறுத்துவது? முதலில் கைதவறித்தான் போட்டேன் என்கிறான், மாதாமேல் ஆணையிடுகிறான். போகட்டும். அவள் விரல் 'கைத்தவறு' என்பதன்மேல் போய் நின்றது.

'உங்கள் குடும்பத்தில் வேறு எவருடைய எண்ணையேனும் திருத்த வேண்டுமா?' என்று கீழே ஒரு வரி. அதனடியில் கணவன் பெயர், மகள் பெயர்.

ரெனிட்டா. எழுபத்து நாலு.

ஜெசிந்தா அந்த இரண்டு இலக்கங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சண்முகவடிவைக் கூப்பிட்டாள்.

"வடிவு, எம்மவ ரத்தமும் அங்கதான இருக்கு?"

"இருக்கும்க்கா. ஏன்?"

"சீட்டுல என்ன எழுதினீங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. நின்றது. அப்புறம் சண்முகவடிவு பேச எடுத்துக்கொண்ட நேரத்திலேயே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நாப்பத்தேழுக்கா."

"சரி வடிவு."

"எக்கா..."

"சரி. வச்சிருதேன்."

சென்னை விடுதியில் பதினாலு வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ரெனிட்டாவுக்குப் பதினாறு. மஸ்கட்டு ஆசையை அவன் முறித்துப் போட்டதையாவது அவள் தன் கணக்கில் வைத்துக்கொண்டு விழுங்கியிருப்பாள். மகளைப் படகுப் பாயைச் சுருட்டி வைக்கச் செய்தது தன் ரத்தம் என்று மூன்று வருடமாக முழங்காலில் நின்றாளே, அதை எப்படி விழுங்குவது?

மகளின் பெயருக்கு நேரே நாற்பத்தேழு என்று தட்டினாள். கணவனுக்கு எழுபத்தேழு. தவறு நேர்ந்த விதம் என்ற இடத்தில் மூன்றாவதைத் தொட்டாள். உறுதிதானா என்று மறுபடி கேட்டது. ஆம் என்றாள்.

'குடும்பத் தலைவரின் ஒப்புதல் தேவை. அவருடைய கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது.'

உள்ளறையில் கிளாட்வினின் போன் சிணுங்கியது.

ஜெசிந்தா தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவன் திரையைப் படித்துக்கொண்டிருந்தான். யார் யாருக்கு என்ன திருத்தம், என்ன காரணம் எல்லாம் அதில் இருந்தது. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரெனிட்டாவுக்கதும் பாத்துட்டியா?"

"எண்ணச் சொல்லுங்க."

"அவ சின்னப் புள்ள ஜெசி. தனியா கடல்ல... அந்த ஊருல யாரு அவளப் பாத்துப்பா? நான் கெட்டதா நெனச்சா செஞ்சேன்? இத அனுப்பினா என்னக் கூட்டிட்டுப் போயிருவாவ."

"எண்ணச் சொல்லுங்க."

அவன் அவளுடைய முகத்தில் எதையோ தேடினான். பதினோரு வருடமும் அங்கே இருந்த ஒன்றைத் தேடியிருக்க வேண்டும். கிடைக்காமல் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினான். நாலு. பூஜ்யம். ஒன்பது. இரண்டு. இரண்டு. ஏழு.

அவள் தட்டவில்லை.

"போன இங்க குடுங்க" என்றாள். "நானே பாத்துக்கிடுதேன்."